மேல்பூச்சு

துத்தநாகம் எனக்குப் புதிதில்லை.
புன்தா அரேனாஸில் பாதி வீடுகளின் தலையில் அதுதான்.
பதினேழு வருடமாகத் தகரக் கூரைக்குச் சாயம் அடிக்கிறேன்.
சிவப்பு, பாசிப்பச்சை,
ஒருமுறை, கேட்டாளே என்று, ஒருத்திக்குக் கத்தரிப்பூ.
சுரண்டி, துடைத்து, அடிப்பூச்சு அடித்து,
காய்ந்தபின் மேல்பூச்சு.
அதே சாமானை விரல் நீளக் குழாயில் அடைத்து
பதினெட்டாயிரம் பெசோவுக்கு
மருந்துக்கடையில் விற்கிறார்கள் என்பதுதான் தெரியாது.

மூக்கின் இடப்பக்கம் ஒரு சோற்றுப் பருக்கை அளவு
வெட்டி எடுத்தாயிற்று.
டாக்டர் பூசி மெழுகவில்லை.
"யஸ்னா, இந்த ஊர் வானத்துக்கும் ஒரு கூரை உண்டு.
அக்டோபரில் அது ஒழுகும்.
நீயோ ஏணி போட்டு
அதன் பக்கத்தில் போய் உட்காருகிறாய்."

முதலில் வாங்கியது வெள்ளை.
பூசிக்கொண்டு ஏறினேன்.
பர்ரியா ஏணியைப் பிடிக்க மறந்து சிரித்தான்:
"பென்குவினுக்கு வயிறுதானே வெள்ளை!"
அன்று முழுக்கக் குனிந்தே வேலை பார்த்தேன்.

நிறம் சேர்த்தது இருக்கிறது என்றாள்
கடைப்பெண் ஸ்கார்லெத்.
மூன்று குழாய், மூன்று மூடி.
அப்பா வழியில் வெயில் பட்டால் சிவக்கும் குரோவேஷியத் தோல்,
அம்மா வழியில் சிலோயே தீவின்
கழுவாத உருளைக்கிழங்கு.
எந்தக் குழாயிலும் இந்தக் கலவை இல்லை.
ஒன்றில் 'நடுத்தரம்' என்று போட்டிருந்தது.
எதற்கு நடுவில்?

பின்பக்கம் பொடி எழுத்தில்: அயர்ன் ஆக்ஸைடு.
கடையில் நின்றே சிரித்துவிட்டேன்.
கம்பி பிரஷ்ஷால் நான் காலமெல்லாம்
தேய்த்துத் தள்ளும் துரு.
அதைக் காசு கொடுத்து வாங்கி
முகத்தில் ஏற்றிக்கொள்ளப் போகிறேன்.

டியூப்லைட்டில் எந்த நிறமும் பொய் சொல்லும்.
வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்கிற பாடம்.
தாடையில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து
யாருடைய வேனோ, அதன் பக்கக் கண்ணாடியில்
காயும்வரை பார்த்தேன்.
காற்று ஒரு பக்க முடியைக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டியது.
ஈயம் பூசின மாதிரியும் இருந்தது,
பூசாத மாதிரியும்.
வேன்காரர் வந்து ஹாரன் அடித்தார்.

மறுநாள் பர்ரியா நிமிர்ந்து பார்த்தான்.
"நேற்று நன்றாகத் தூங்கினாயோ?" என்றான்.
அவ்வளவுதான்.

தழும்பின்மேல் மட்டும் அது பிடிக்கவில்லை.
எண்ணெய் பட்ட தகரத்தில் இப்படித்தான்
சாயம் விலகிக்கொண்டு நிற்கும்.
அந்த இடத்துக்கு ஒற்றி ஒற்றி
இன்னொரு கோட்.
சட்டைக் காலரிலும் ஹெல்மெட் வாரிலும்
தேநீர் சிந்திய மாதிரிக் கறை.
பரவாயில்லை, என் உடுப்பில் கறைக்கு எப்போதும் இடமுண்டு.

கூரைக்கு ஆறு வருடம் தாங்கும் என்று
கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.
முகத்துக்கு இந்தக் குழாய் தருவது
இரண்டு மணி நேரம்.

பன்னிரண்டு அடித்ததும் முகட்டில் உட்கார்ந்து
கையுறை கழற்றி மறுபடி பூசினேன்.
கீழே நீரிணை,
ஈயத் தட்டு மாதிரி.
பர்ரியா ரொட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டான்,
எங்கோ பார்த்துக்கொண்டு:
"காதுக்கும் போடலாமா அது?"

அவன் காது மடலை அப்போதுதான் கவனித்தேன்.
நுனியில் பொருக்கு,
உரித்து உரித்து ஆறாமல்.
"எத்தனை நாளாக?"
"போன ஈஸ்டரிலிருந்து."
திட்ட வாயெடுத்தேன்.
பிதுக்கியதுதான் முதலில் வந்தது.

அவனுக்கு அந்த நிறம் சேரவேயில்லை.
கறுத்த தலையின் இருபுறமும்
வேறு யாருடையதோ இரண்டு காதுகள்.
"நன்றாயிருக்கிறதா?"
"பிரமாதம். திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டு."

அவன் பதில் சொல்லவில்லை.
மூடி என் கையிலிருந்து நழுவி
தகரத்தின் ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு
கடகடவென்று கீழ்வரை உருண்டது.
ஈரச் சிவப்பில் ஒரு நீளக் கோடு.
அந்தத் தகட்டை
மறுபடி அடிக்க வேண்டும்.